பூமியின் அடுப்பங்கரையில் ஓர் உத்தியோகம்

போன இதழில் மண்பானைத் தண்ணீரைப் பற்றி எழுதியதற்கு ஏராளமான சகோதரிகள் கடிதம் போட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் நன்றி. பானைக்குள் வெட்டிவேர் போடலாமா என்று கேட்டவர்களுக்கு: தாராளமாகப் போடலாம். வேரை அவ்வப்போது எடுத்து வெயிலில் காய வைத்துவிட்டால் போதும். குளிர்ந்த தண்ணீர் சமாசாரம் அதோடு முடிந்தது. இந்த முறை வெந்நீர் சமாசாரம்!

வெந்நீர் என்றால் தவலையில் நாம் காய்ச்சுகிற வெந்நீர் இல்லை. பூமிக்கு அடியில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், யாரும் விறகு வைக்காமல், யாரும் காஸ் திருகாமல், ஆயிரக்கணக்கான வருஷங்களாகத் தானே கொதித்துக் கொண்டிருக்கும் வெந்நீர். அதை மேலே கொண்டு வந்து மின்சாரம் எடுப்பதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. அந்தப் படிப்பை ஆராய்வதும் சொல்லிக் கொடுப்பதும் ஓர் உத்தியோகமாகவும் இருக்கிறது. என் மூத்த பெண் நியூசிலாந்தில் அந்த உத்தியோகத்தில்தான் இருக்கிறாள். கல்யாண வீடுகளில் "உங்க பொண்ணு என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால், "புவிவெப்பத் தேக்கப் பொறியியல்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டு விடுவார்கள். "தேக்கமா? தண்ணித் தொட்டி கட்டற வேலையா?" என்று கேட்ட மாமியும் உண்டு.

இதை இப்போது எழுதக் காரணம், திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் நீண்ட கடிதம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மகள் கெமிக்கல் என்ஜினீயரிங் முடித்துவிட்டு, இதே துறையில் முனைவர் பட்டத்துக்கு வெளிநாட்டில் இடம் வாங்கியிருக்கிறாளாம். அதே வாரத்தில் நல்ல இடத்திலிருந்து ஒரு வரனும் வந்திருக்கிறது. "பொம்பளைப் பிள்ளை பூமியைத் துளைக்கிற மிஷின் பக்கத்துல நின்னு என்ன பண்ணப் போறா? படிச்சு முடிக்கறதுக்குள்ள முப்பது வயசு ஆயிடுமே. முடிச்சா வேலை நிச்சயமா? வீட்ல யாருக்கும் இதுபத்தித் தெரியலை. உங்க பொண்ணு இருக்கறதா முன்னாடி எழுதியிருந்தீங்க. மனசுல பட்டதை எழுதுங்க" என்று கேட்டிருக்கிறார்.

பிறர் வீட்டுப் பெண்ணுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒரு தாயாகப் பல வருஷம் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்லலாம். அந்த அம்மாளைப் போல இன்னும் எத்தனையோ பேர் வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து யோசித்துக் கொண்டிருப்பீர்கள். உங்களுக்கும் இது உதவட்டும்.

உலை எப்படிக் கொதிக்கிறது?

முதலில் விஷயம் என்னவென்று தெரிந்து கொள்வோம். பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். சாதாரண இடங்களில் ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 முதல் 30 டிகிரி வரை. எரிமலைப் பிரதேசங்களில் கதை வேறு. அங்கே இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலேயே 250, 300 டிகிரி இருக்கும். நாம் அடுப்பில் வைக்கிற தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகி விடுகிறதே, 250 டிகிரியில் எப்படித் தண்ணீராகவே இருக்கும் என்று கேட்பீர்கள். பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். மூடி இறுக்கமாக இருந்து அழுத்தம் ஏறினால், 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். பூமிக்குள் மேலே இருக்கும் பாறையும் நீரும் கொடுக்கும் அழுத்தம்தான் அந்த மூடி. கிணறு தோண்டி வழி விட்டால், குக்கர் வெயிட்டைத் தூக்கினது போல, மேலே வர வர நீர் குபீரென்று ஆவியாகும். அந்த ஆவியைக் கொண்டு டர்பைனைச் சுழற்றினால் மின்சாரம்.

தேக்கம் என்று சொன்னவுடன் பூமிக்குள் ஏதோ பெரிய ஏரி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் என் பெண்ணிடம் அதைத்தான் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீ பண்ற மைசூர்பாகு இருக்கே, அதை உடைச்சா உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கும், நெய் அதுல ஊறி நிக்கும் இல்லையா? அதுதான் தேக்கம். பாறைதான் மைசூர்பாகு, வெந்நீர்தான் நெய்" என்றாள். இதைவிடத் தெளிவாக ஒரு புஸ்தகமும் எனக்குச் சொன்னதில்லை. பாறையில் இருக்கிற நுண்ணிய துளைகளிலும் வெடிப்புகளிலும்தான் வெந்நீர் ஓடுகிறது. மேலே களிமண்ணாக மாறிப்போன பாறை அடுக்கு ஒன்று இட்லிப் பானை மூடி மாதிரி மூடிக் கொண்டிருக்கும். கீழே எரிமலைக் குழம்பின் சூடு அடுப்பு மாதிரி.

இந்த வித்தை புதிதில்லை. இத்தாலியில் லார்டரெல்லோ என்ற இடத்தில், பியரோ ஜினோரி கோன்ட்டி என்ற பிரபு 1904-ஆம் வருஷம் பூமியிலிருந்து வந்த ஆவியை வைத்து ஐந்து மின்சார பல்புகளை எரிய வைத்துக் காட்டினார். 1913-இல் அங்கே மின் நிலையமே வந்துவிட்டது. அடுத்து பெரிய அளவில் செய்து காட்டியது நியூசிலாந்து. வைராக்கெய் என்ற இடத்தில் 1958-இல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. லார்டரெல்லோவில் உலர்ந்த ஆவி. வைராக்கெயில் வெந்நீரும் ஆவியும் கலந்து வரும். அதைப் பிரித்தெடுத்துப் பெரிய அளவில் மின்சாரமாக்கியது அங்கேதான் முதல். இன்று நியூசிலாந்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பூமியின் சூட்டிலிருந்து வருகிறது. ஆப்பிரிக்காவில் கென்யா 1981-இல் ஓல்காரியாவில் ஆரம்பித்து, இன்று தன் மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் இப்படித்தான் எடுக்கிறது. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் குளிர்காலத்தில் கணப்பே பூமியின் வெந்நீர்தான்.

சூரிய ஒளி ராத்திரியில் இல்லை. காற்று நினைத்தால்தான் வீசும். பூமியின் அடுப்பு மட்டும் இரவும் பகலும் அணையாது. அதனால்தான் இப்போது இதற்கு இவ்வளவு மவுசு.

அவள் செய்கிற வேலை

அணையாது என்று சொன்னேனே தவிர, அவசரப்பட்டால் ஆறிப்போகும். அங்கேதான் என் பெண்ணின் வேலை வருகிறது.

கிணற்றிலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் பக்கத்து வீட்டு போர்வெல் நம் வீட்டு போர்வெல்லை வறட்டிய கதை எல்லாத் தெருவிலும் உண்டு. அதே கதைதான் அங்கும். வெந்நீரை அதிகமாக எடுத்தால் அழுத்தம் குறையும், சுற்றிலும் இருக்கிற பச்சைத் தண்ணீர் உள்ளே புகும். கொதிக்கிற உலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொதி அடங்கிவிடும் இல்லையா? நிலமும் தாழும். வைராக்கெயில் ஒரு பகுதியில் நிலம் சுமார் 15 மீட்டர் இறங்கியிருக்கிறது. ஐந்து மாடி உயரம்! பக்கத்தில் 'கெய்சர் பள்ளத்தாக்கு' என்று பெயர் பெற்ற இடத்தில் வானத்தை நோக்கிப் பீய்ச்சி அடித்துக் கொண்டிருந்த வெந்நீர் ஊற்றுகளெல்லாம் மின் நிலையம் வந்த பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோயின.

அதனால் சூட்டை எடுத்துக் கொண்டு, ஆறின நீரை வேறு கிணறு வழியாகப் பூமிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அந்த நீரில் ஆர்சனிக், போரான் மாதிரியான சரக்குகள் கரைந்திருக்கும். ஆற்றில் விடுவது நல்லதில்லை. திருப்பி அனுப்புவதிலும் சூட்சுமம் இருக்கிறது. மிகவும் பக்கத்தில் அனுப்பினால் ஆறின நீர் சீக்கிரமே ஓடி வந்து உலையைக் கெடுக்கும். மிகவும் தூரத்தில் அனுப்பினால் அழுத்தத்துக்கு உதவாது. எங்கே, எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் என் பெண்ணின் ஆராய்ச்சி. ஒரு கிணற்றில் துளியளவு ரசாயனத்தைக் கலந்து அனுப்பிவிட்டு, மற்ற கிணறுகளில் அது என்றைக்கு, எவ்வளவு வந்து சேருகிறது என்று நாள்கணக்கில், மாசக்கணக்கில் காத்திருந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் எறும்புப் புற்றின் ஒரு வாயில் தண்ணீர் ஊற்றி எந்த வாயில் வருகிறது என்று பார்ப்பார்களே, அது மாதிரி.

பிறகு கம்ப்யூட்டர். பூமிக்கடியில் இருக்கிற அந்தப் பிரதேசம் முழுவதையும் ஆயிரக்கணக்கான கட்டங்களாகக் கற்பனையில் வெட்டிக் கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு சூடு, எவ்வளவு நீர், பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு போகிறது என்று கணக்கு. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கார்ஸ்டன் புரூஸ் என்பவர் எழுதிய 'டஃப்' என்கிற கணிப்பு நிரலைத்தான் உலகம் முழுவதும் இதற்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். முதலில் மனிதன் கை வைக்காத காலத்து நிலைமை அந்தக் கணக்கில் சரியாக வர வேண்டும். அடுத்து, இதுவரை இறைத்த வருஷங்களில் கிணறுகளில் அளந்து பார்த்ததும் ஒத்து வர வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் இனி முப்பது, ஐம்பது வருஷத்தில் என்ன ஆகும் என்று வாயைத் திறக்கலாம். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மைக் ஓ'சல்லிவன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் வைராக்கெய் பூமிக்கு இப்படி ஒரு கணக்கு மாதிரியை வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்தி வளர்த்திருக்கிறார்கள். வீட்டு வரவு செலவுக் கணக்குப் புஸ்தகம் எழுதுகிற நமக்கு இது புரியாமல் போகுமா? போன மாசக் கணக்கு இடிக்காமல் இருந்தால்தானே அடுத்த மாசத்துக்குத் திட்டம்!

எனவே, கடிதம் எழுதிய சகோதரிக்கு முதல் பதில்: துளை போடுகிற மிஷின் பக்கத்தில் நிற்பது வருஷத்தில் சில நாட்கள்தான். தலையில் ஹெல்மெட், காலில் கனமான பூட்ஸ், இடுப்பில் வாயுவைக் கண்டறியும் சின்னக் கருவி. மற்ற நாளெல்லாம் மேஜை, கம்ப்யூட்டர், மாணவர்கள். பெண்ணால் முடியாதது ஒன்றும் இதில் இல்லை.

ரோட்டோருவாவில் பார்த்தது

2016-இல் அவள் பிரசவத்துக்காக ஆறு மாசம் அங்கே போய் இருந்தேன். குழந்தைக்கு மூன்று மாசம் ஆனதும் எல்லோருமாக ரோட்டோருவா என்ற ஊருக்குப் போனோம். ஊர் எல்லைக்கு வரும்போதே மூக்கைப் பிடித்துக் கொண்டேன். அழுகின முட்டை நாற்றம்! "இது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயும்மா. இந்த ஊர்க்காரங்களுக்குப் பழகிப் போச்சு" என்றாள். இரண்டு நாளில் என் வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுத்துவிட்டது.

அங்கே வாக்கரெவரெவா என்ற மாவோரி கிராமம். வீட்டு வாசலிலேயே வெந்நீர்க் குளம் கொதித்துக் கொண்டிருக்கிறது. மரச்சட்டம் போட்ட பெட்டிக்குள் பூமியின் ஆவி வருகிறது, அதற்குள் கிழங்கும் காயும் வைத்து மூடிவிட்டால் வெந்துவிடும். நெருப்பு இல்லை, புகை இல்லை! குளத்துக்குள் துணிப்பையில் கட்டி இறக்கிய சோளக்கதிரை எடுத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன், அருமை. நம் ஊரிலிருந்து இமாசலப் பிரதேசத்து மணிகரண் போய் வந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. அங்கேயும் அரிசியையும் பருப்பையும் துணியில் கட்டி வெந்நீர் ஊற்றில் வேக வைக்கிறார்களே.

அந்தக் கிராமத்தில் ஒரு பெண்மணியின் கதையைக் கேட்டேன். 1873-இல் பிறந்த மாகெரெட்டி. வெளியூர்க்காரர்களுக்கு ஊற்றுகளைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டியாக இருந்தவர். யாரோ ஒரு பயணி உங்கள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்க, பக்கத்தில் பொங்கிக் கொண்டிருந்த ஊற்றின் பெயரையே சொன்னாராம். பாப்பாகுரா! அன்று முதல் அவர் மாகெரெட்டி பாப்பாகுரா. பின்னாளில் இங்கிலாந்து போய், நடுத்தர வயதுக்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் படிக்கச் சேர்ந்தார். தம் மக்களின் வாழ்க்கை முறையைப் பற்றியே ஆய்வு நூல் எழுதினார். சமர்ப்பிப்பதற்குச் சில வாரங்களே இருக்கும்போது, 1930-இல் காலமானார். நூல் 1938-இல் அச்சாயிற்று. 2025-இல் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு மறைவுக்குப் பிந்திய பட்டம் அறிவித்தது. 95 வருஷம் கழித்து! பெண் படித்தது வீண் போகாது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

அவர் பெயர் எடுத்துக்கொண்ட அந்தப் பாப்பாகுரா ஊற்றின் கதைதான் எனக்கு என் பெண்ணின் வேலையை உண்மையில் புரிய வைத்தது.

மூடிய கிணறுகள்

ரோட்டோருவாவில் வீட்டுக்கு வீடு வெந்நீர்க் கிணறு போட்டிருந்தார்கள். குளியலுக்கு, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க, விடுதிகளில் நீச்சல் குளத்துக்கு. யாருக்கும் காசு செலவில்லை. ஆனால் எல்லோரும் எடுக்க எடுக்க, கிராமத்து ஊற்றுகள் மங்கத் தொடங்கின. 1979-இல் பாப்பாகுரா அடியோடு நின்றுபோனது. பெரிய ஊற்றான போஹூட்டுவும் போய்விடுமோ என்ற பயம் வந்தது. அளந்து பார்த்தார்கள், கணக்குப் போட்டார்கள். 1986-இல் அரசாங்கம் உத்தரவு போட்டது: போஹூட்டுவைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறுகள் எல்லாவற்றையும் மூட வேண்டும்!

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. முட்டி வலிக்காக வருஷக்கணக்காக வீட்டுக் கொல்லையிலேயே வெந்நீரில் காலை நனைத்த கிழவிக்கு, நாளையிலிருந்து இல்லை என்றால் எப்படி இருக்கும்? குளிர்கால மாசக் கட்டணம் புதிதாக ஏறும். ஊரில் கோபம் கொந்தளித்தது. இன்னொரு பக்கம், அந்த ஊற்று மாவோரி மக்களுக்கு வெறும் வேடிக்கைப் பொருள் இல்லை. முன்னோர் கொடுத்த செல்வம், சமையலறை, மருத்துவம், பிழைப்பு எல்லாம். யார் பக்கம் நியாயம்?

"இந்த மாதிரி இடத்துல நீ என்ன சொல்வே?" என்று என் பெண்ணைக் கேட்டேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் யார் பக்கமும் பேச முடியாதும்மா. இவ்வளவு எடுத்தா இவ்வளவு குறையும், இத்தனை கிணறு மூடினா இத்தனை வருஷத்துல திரும்பும்னு மட்டும் சொல்லணும். ஆனா என் கணக்குல ஒரு தப்பு இருந்தா, ஒண்ணு ஒரு பாட்டியோட வெந்நீர் வீணாப் போகும், இல்லேன்னா ஒரு ஊரோட ஊற்று வீணாப் போகும். ராத்திரி அதை நெனச்சாத் தூக்கம் வராது. அதனால ஒரு தடவைக்கு மூணு தடவை பார்ப்பேன்."

கிணறுகளை மூடிய பிறகு பூமிக்குள் நீர்மட்டம் மெல்ல ஏறியது. நின்றிருந்த ஊற்றுகளில் சில உயிர் பெற்றன. நான் போவதற்கு முந்தைய வருஷம், 2015-இல், பாப்பாகுரா மறுபடி பொங்கியது. 36 வருஷம் வாயை மூடிக் கொண்டிருந்த ஊற்று! பூமியிடம் பொறுமையாக நடந்து கொண்டால் அது திருப்பிக் கொடுக்கிறது.

எல்லா இடத்திலும் முடிவு சுபமாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தடியில் 2006-இல் சூடான பாறைக்குள் அழுத்தி நீரைச் செலுத்தினபோது நிலம் அதிர்ந்து, திட்டத்தையே நிறுத்த வேண்டி வந்தது. பூமிக்குள்ளிருந்து நீரோடு கரியமில வாயுவும் கொஞ்சம் வரத்தான் செய்யும். நிலக்கரியை விடக் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. இப்போது சில நிலையங்களில் அந்த வாயுவையும் நீரோடு கலந்து பூமிக்கே அனுப்புகிறார்கள். இதையெல்லாம் ஆராய ஆட்கள் வேண்டும்.

படிப்பு, சம்பளம், குடும்பம்

இனி சகோதரியின் மற்றக் கேள்விகள்.

இந்தத் துறைக்கு நேரான பி.இ. படிப்பு என்று தேட வேண்டாம். கெமிக்கல், மெக்கானிக்கல், பெட்ரோலியம், சிவில், புவியியல், கணிதம் எதிலிருந்தும் வரலாம். வெப்பமும் நீரோட்டமும் கணக்கும் கைவசம் இருக்க வேண்டும். ஆக்லாந்தில் புவிவெப்பக் கல்வி நிலையம் 1978-இல் தொடங்கியது. வளரும் நாடுகளிலிருந்து எத்தனையோ பேர் அங்கே பயின்று போயிருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் 1979 முதல் நடக்கும் ஆறு மாசப் பயிற்சியில் இதுவரை எழுநூறுக்கும் மேற்பட்டோர் தேறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1975-இல் தொடங்கிய வருடாந்தரக் கருத்தரங்கில் இளைஞர்கள் தங்கள் ஆய்வைப் படிப்பார்கள். பெண்களுக்கென்றே 2013-இல் ஒரு சர்வதேச அமைப்பு தொடங்கியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மூத்த பெண்கள் கைகொடுக்கிறார்கள்.

முனைவர் பட்டம் மூன்றரை, நான்கு வருஷம். உதவித்தொகை கிடைத்தால் ஒருத்தி சிக்கனமாக வாழலாம், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கி அனுப்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பட்டம் வாங்கினவுடனே பேராசிரியர் நாற்காலி காத்திருக்காது. என் பெண் இரண்டு இடங்களில் இரண்டிரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். ஒப்பந்தம் முடிகிற மாசம் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைக்கும். மின் நிலையக் கம்பெனிகளில் சம்பளம் கூடுதல், பல்கலைக்கழகத்தில் சுதந்திரம் கூடுதல். இவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள்.

ஓர் இடத்தில் நேர்முகத் தேர்வில், ஆறு மாசக் கர்ப்பிணியாக இருந்தவளை, "கிணற்றுச் சோதனைக்கு வெளியூர் போக வேண்டி வந்தால் குழந்தையை யார் பார்த்துக் கொள்வார்கள்?" என்று கேட்டார்களாம். "இதே கேள்வியை வெளியில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடமும் கேட்டீர்களா?" என்று பதில் கேள்வி போட்டுவிட்டு வந்தாள். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்தது கிடைத்தது. வெளிநாடு என்றால் எல்லாம் சமத்துவம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். துணிச்சலும் மூட்டையில் கட்டி எடுத்துப் போக வேண்டிய சாமான்தான்.

கல்யாணம்? என் மகளுக்கு ஆராய்ச்சியின் இரண்டாவது வருஷத்தில் நடந்தது. மாப்பிள்ளை கணக்குப் படித்தவர். அவள் கிணற்றடிக்குப் போகிற நாட்களில் அவர்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டி, ரசமும் வைத்துவிடுவார். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான்! எங்கள் சம்பந்தி அம்மாள் முதலில் முணுமுணுத்தார். பேத்தி பிறந்தபின் தானே மூன்று மாசம் போய் இருந்து, மருமகள் வகுப்பெடுப்பதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். இப்போது பூமிக்குள் எத்தனை டிகிரி என்று தெருவுக்கே பாடம் எடுக்கிறார்!

திரும்பி வந்தால் இங்கே வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. லடாக்கில் நாலாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் பூகா பள்ளத்தாக்கில் மின்சாரம் எடுக்க 2021-இல் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 2025-இல் மத்திய அரசு புவிவெப்ப சக்திக்கென்று தேசியக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. பயிர் இன்னும் முளைக்கிற பருவம்தான். அறுவடைக் காலத்து வேலைவாய்ப்பை இன்றைக்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் விதைக்கிற காலத்தில் கற்றுக் கொண்டவர்களுக்குத்தான் பின்னால் மதிப்பு.

ஆகவே சகோதரி, என் மனதில் பட்டது இதுதான். வரனா, படிப்பா என்று தராசில் வைக்காதீர்கள். உதவித்தொகைக் கடிதம் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த வரன் வீட்டாரிடம் நேரிலேயே சொல்லுங்கள்: "பெண் நாலு வருஷம் படிக்கப் போகிறாள். இஷ்டமிருந்தால் காத்திருங்கள், அல்லது மாப்பிள்ளையும் கூடப் போகட்டும்." அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதியை உங்கள் பெண்ணிடம் கேளுங்கள். கடிதத்தில் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லையே!

வெந்நீர் ஊற்றுக்குப் போகிறீர்களா?

கடைசியாக, மணிகரண் போன்ற இடங்களுக்கு யாத்திரை போகிறவர்களுக்குச் சில ஜாக்கிரதைகள்.

வெந்நீர் ஊற்றில் தலையை முழுக்காதீர்கள், மூக்கில் நீர் ஏற விடாதீர்கள். சில ஊற்று நீரில் மூக்கு வழியாக மூளைக்குப் போகும் கொடிய கிருமி இருக்கக்கூடும். நியூசிலாந்தில் குளக்கரையிலேயே இதற்குப் பலகை வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் விஷயத்தில் இரட்டை ஜாக்கிரதை வேண்டும்.

கர்ப்பிணிகள், இதயக் கோளாறும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். மற்றவர்களும் பத்து, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஊறாதீர்கள். எழுந்து வந்ததும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

அழுகின முட்டை நாற்றம் வரும் இடத்தில் அடைத்த குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக் கொண்டு இருக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த வாயு காற்றை விடக் கனம், தாழ்வான இடத்தில் தங்கும். அளவு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாமல் போய்விடும். அதுதான் அபாயம். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடையாமல் உடனே வெளியே வாருங்கள்.

வெள்ளிக் கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். கறுத்துவிட்டால் புளி, உப்பு என்று தேய்த்துப் பாழாக்க வேண்டாம். பல்பொடியும் கூடாது, கீறல் விழும். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சமையல் சோடாவும் சுடுதண்ணீரும் விட்டு, வெள்ளி தாளைத் தொடும்படி கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள். கல் பதித்த நகைகளை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். என் குங்குமச் சிமிழ் அப்படித்தான் பழைய பளபளப்புக்கு வந்தது.

அடுத்த இதழில், பல வாசகியர் கேட்டிருக்கும் மழைக்காலத்து வடாம், வற்றல் பத்திரப்படுத்தும் முறைகள். உங்கள் வீட்டு வழக்கங்களையும் எழுதி அனுப்புங்கள்.